வாட்டம் பார்த்து அமைத்த தெரு

கடியாபட்டித் தெருவுக்குள் நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். பார்க்க வேண்டியவைதான் மேலே இருக்கின்றன. முகப்பின் உச்சியில் இரண்டு யானைகளுக்கு நடுவே கஜலட்சுமி, கைப்பிடிச் சுவர் மூலையில் துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய், வளைவுக்கு வளைவு சுதையில் இழைத்த பூவும் கொடியும். கொத்தனாருக்குக் கண் முதலில் தரைக்குப் போகும். மழைத்தண்ணீர் வீட்டை விட்டு வெளியேறும் தூம்பு எங்கே இருக்கிறது, தெரு எந்தப் பக்கம் வாட்டம் கொடுத்துக் கிடக்கிறது, அந்த வாட்டம் எந்த ஊருணியில் போய் முடிகிறது என்று பார்த்துவிட்டால், இந்த ஊரை உண்டாக்கியவர்கள் என்ன நினைத்துச் செய்தார்கள் என்பது பாதி விளங்கிவிடும். என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அதற்குப் பிறகு.

எங்கள் ஊர் ஆலங்குடி. செட்டிநாட்டுக்கு எல்லை சொல்லும்போது வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்பார்கள். ஆலங்குடி வெள்ளாற்றுக்கு வடக்கே இருக்கிறது. அந்தக் கணக்கில் நாங்கள் வெளியூர்க்காரர்கள். ஆனால் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்றே தாலுகாக்கள். திருமயம் தாலுகாவில் இருந்த நகரத்தார் (செட்டியார்) ஊர்களில், அதாவது கடியாபட்டி, அதை ஒட்டிய இராமச்சந்திரபுரம், இராயவரம், அரிமளம் ஆகியவற்றில் வீட்டுவேலை நடந்த காலத்தில், எங்கள் பக்கத்துக் கொத்தனார்களும் சித்தாள்களும் வம்பன், கைக்குறிச்சி வழியாகப் புதுக்கோட்டை போய், அங்கிருந்து ஆற்றைத் தாண்டித் தெற்கே போனார்கள். என் தாத்தா போனார். அப்பா போனார், ஆனால் அவர் காலத்தில் புது வீடு கட்டுகிற வேலை கிடையாது, பழுது பார்க்கிற வேலைதான். நானும் பழுது பார்க்கத்தான் போகிறேன். அதனால் அந்த வீடுகளின் அழகைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருந்தாலும், ஒழுகுகிற இடத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

புதுக்கோட்டை நகரத்தைப் பாருங்கள். பழைய அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே கீழ இரண்டாம் வீதி, வடக்கு மூன்றாம் வீதி என்று திசைக்குத் திசை எண் போட்ட வீதிகள். முகவரி தெரியாதவன்கூட எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். தொண்டைமான் மன்னர்களின் ஊர் அது. 1878 முதல் 1894 வரை நிர்வாகம் பார்த்த திவான் சேஷையா சாஸ்திரி அதன் குளங்களைத் தூர் எடுத்துச் சீர்ப்படுத்தினார். அங்கே ராஜா இருந்தார், திவான் இருந்தார், கஜானா இருந்தது. திருமயம் பக்கத்து நகரத்தார் ஊர்களிலும் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன, குறுக்குத் தெருக்கள் சதுரமாக வெட்டுகின்றன. இங்கே திவான் யாரும் வரைபடம் போடவில்லை. ஊர்க் கூட்டமும் நகரச் சிவன் கோயிலும் சேர்ந்து செய்த வேலை இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

மனை ஒவ்வொன்றும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசல் ஒரு தெருவுக்கு, பின்வாசல் மறு தெருவுக்கு. ஆகவே ஒரு தெரு முழுக்க முகப்புகள், அடுத்த தெருவில் வெறும் நீளச் சுவர்களும் சின்னக் கதவுகளும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பின்தெருவுக்கு வருவதில்லை. வேலையாட்கள், பால்காரர், காய்கறி, விறகு எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வந்தன. தலைவாசலில் நின்று பார்த்தால், நடுவில் உள்ள கதவுகள் எல்லாம் திறந்திருக்கும் நாளில், பின்வாசல் வெளிச்சம் ஒரே கோட்டில் தெரியும்.

உள்ளே போனால் முதலில் முகப்பும் திண்ணையும். கணக்குப் பார்ப்பதும், வட்டிக்கு வந்தவரோடு பேசுவதும், ஆண்கள் படுத்துக்கொள்வதும் அங்கே. அதைத் தாண்டினால் வளவு. மேலே திறந்த முற்றம், நான்கு பக்கமும் தூண் தாங்கிய தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. மகனை ‘வேறு வைத்து’விட்டால் அவன் ஒரு தனிப் புள்ளி. அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கு தனி. கோயிலுக்குக் கட்டும் புள்ளிவரியும் தனி. கூரை மட்டும் ஒன்று. அதற்குப் பின்னே இரண்டாம் கட்டு, பெண்கள் புழங்கும் இடம், சாமான்கள் அடுக்கிய அறைகள். கடைசிக் கட்டில் அடுப்படிகள், ஆட்டுக்கல், அம்மி, கிணறு. இருபது அறை, முப்பது அறை என்று சொல்லி மலைக்கிறோம். அறைகள் பெரும்பாலும் சின்னவை, சன்னல் குறைந்தவை. பாத்திரமும் சீர்வரிசையும் நகையும் வைத்துப் பூட்டுவதற்காகக் கட்டியவை. மனிதர்கள் வாழ்ந்தது தாழ்வாரத்திலும் முற்றத்திலும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிழைப்பே அதில்தான் இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் உடம்பு. சுண்ணாம்பைக் குழியில் போட்டு நீற்றி, நாள்கணக்கில் புளிக்கவிட்டு, மணலோடு சேர்த்து மாடு பூட்டிய சுண்ணாம்புச் செக்கில் அரைப்பார்கள். வட்டமான கல் தொட்டியில் உருளைக்கல் சுற்றிச் சுற்றி வரும். இன்னமும் சில ஊர்களின் வெளிப்புறத்தில் அந்த வட்டத் தொட்டி மண்ணில் புதைந்து கிடக்கிறது. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சாந்தில் ஊற்றுவார்கள். முதல் பூச்சு பருமணலோடு; அடுத்தது சலித்த மணலோடு; மேலே போகப் போக மாவு மாதிரி மெலியும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும். ஈரம் இறங்கும் நேரம் பார்த்து, வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ப்பை நடுவில் நிறுத்தினால் அந்த இடம் நூறு வருஷம் கழித்தும் தனியாகத் தெரியும். தாத்தா தேய்த்த சுவர் ஒன்றை அப்பா எனக்குக் காட்டினார். வர்ணம் அடிக்கவே இல்லை. கை வைத்தால் சித்திரை மாத மத்தியானத்திலும் குளிர்ச்சி.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் என்கிறோமே, அது சிமெண்டு வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டில் பிறந்த தொழில். கண்ணாடித் தகட்டின்மேல் தகரச் சட்டத்தை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடும். அதற்கு முந்திய வீடுகளில் சுண்ணாம்புத் தளமோ, வசதிப்பட்டவர்கள் என்றால் இத்தாலியப் பளிங்கோ இருக்கும்.

இந்த வீடுகளின் வயதை முகப்பைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியவை தணிந்தவை: நாட்டு ஓடு, பருத்த மரத்தூண், நீளத் திண்ணை. 1900ஐ ஒட்டி மாடி ஏறுகிறது, வளைவுகள் வருகின்றன, இங்கிலாந்து இரும்பு உத்தரம் வருகிறது, பெல்ஜியம் கண்ணாடி வருகிறது, ஜப்பான் ஓடு சுவரில் பதிகிறது. 1930களில் சிமெண்டுக் கோடுகள் நேராகவும் வட்டமாகவும் ஓடுகின்றன, பம்பாய் சினிமாக் கொட்டகைகளின் முகம் மாதிரி. எல்லாக் காலத்திலும் மாறாமல் இருந்தது பர்மாத் தேக்கு.

தேக்குக்கும் பளிங்குக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1852ல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டைத் திருத்தி நெல் போட்ட விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் கடன் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அவனை அண்டவிடவில்லை. இரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியிலிருந்து ஊர் ஊராகக் கடை வைத்துச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930ல் உலகம் முழுவதும் விலை சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. கடனைக் கட்ட முடியாத நிலங்கள் கைமாறின. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930ல் 6 சதவீதம். 1938ல் 25 சதவீதம். அங்கே நிலம் இழந்த குடும்பங்களின் கதையும் இந்தத் தூண்களுக்குள் இருக்கிறது. தூணைத் தடவிப் பார்க்கிற எவரும் அதையும் நினைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பிறகு 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் இரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. பர்மா விடுதலை பெற்ற 1948லேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச் 3ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. வீடு கட்டிய காலம் அத்துடன் முடிந்தது. தாத்தா ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். இந்தத் தெருக்களில் காப்பாற்ற வேண்டியது எது என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். புதுக்கோட்டைச் சீமையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் நிறைய ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். பத்தாயிரம் சதுர அடிக் கூரைக்கு மேல் ஓராண்டில் விழும் தண்ணீர் எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். ஓட்டுக்கூரைகள் உள்பக்கம் சாய்ந்து முற்றத்தில் தண்ணீரைக் கொட்டும். முற்றத்து மூலைகளில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் முற்றத்துத் தூம்பு வழியாகத் தளத்துக்கு அடியில் ஓடி, தெருவுக்கு வரும். தெருவின் வாட்டம் அதை வாய்க்காலில் சேர்க்கும், வாய்க்கால் ஊருணிக்குப் போகும். செம்புறாங்கல்லால் கரை கட்டிய ஊருணி. குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஊருணி நிறைந்தால் வழிந்து அடுத்த குளத்துக்கும் கண்மாய்க்கும். கிணற்றில் நீர் ஊறுவது ஊருணியில் தண்ணீர் நிற்கிற வரை. வீட்டுக் கூரையையும் வீட்டுக் கிணற்றையும் ஒரு சுற்றாக இணைத்து, அந்தச் சுற்றின் நடுவே தெருவையும் ஊருணியையும் வைத்திருக்கிறார்கள். ஒரு வீடு தன் தூம்பை அடைத்தால் அதன் பாதிப்பு ஊருணிக்கு; ஊராட்சி தெருவை உயர்த்திக் கான்கிரீட் போட்டால் பாதிப்பு வீட்டுக்கு.

அந்த இரண்டாவது விஷயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு தெருவில் பழைய மண் பாதைமேல் கான்கிரீட் போட்டார்கள்; சில வருஷம் கழித்து அதன்மேலேயே இன்னொரு தளம். தெரு உயர்ந்தது, தூம்புகளின் வாய் மூடியது. முற்றத்துத் தண்ணீர் போக இடமில்லாமல் அஸ்திவாரத்தில் இறங்கியது. சுவரின் கீழ் மூன்றடிக்கு உப்புப் பூத்து, நூறு வருஷப் பூச்சு தவிடாக உதிர்ந்தது. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். யாரோ ஒருவரை வைத்து உதிர்ந்த இடத்தில் சிமெண்டு பூசினார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்டு அந்த மூச்சை அடைக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்டுக்கு மேல் புதிதாக உதிர ஆரம்பித்தது. அந்த வீட்டில் நான் செய்ததெல்லாம் சிமெண்டைக் கொத்தி எடுத்ததும், தூம்பைத் தோண்டித் திறந்து தெருவுக்கு அடியில் குழாய் போட்டு வாய்க்காலில் சேர்த்ததும்தான். ஒரு மழைக்காலம் போனதும் சுவர் காய்ந்தது. அதற்கப்புறம்தான் பூச்சு.

இவ்வளவு காலமாகப் பூட்டிக் கிடந்தும் இத்தனை வீடுகள் எப்படி நிற்கின்றன? எனக்குத் தெரிந்த பதில், பங்கு. ஒருவர் கட்டிய வீடு, மகன்கள், பேரன்கள் என்று இறங்கி இன்றைக்கு நாற்பது ஐம்பது பேருக்குச் சொந்தமாக இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். தமிழ்நாட்டில் 1989ல் வந்த சட்டத்திருத்தமும், 2005ல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தமும் மகள்களுக்கும் பங்கு கொடுத்தன. நியாயமான காரியம், ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இன்னும் கூடினார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டால் ஒழிய விற்க முடியாது. அந்தச் சிக்கலே பல வீடுகளுக்குக் காவலாக நின்றது. அதோடு வழக்கமும் சேர்ந்துகொண்டது. கல்யாணம் ஊர் வீட்டில்தான் நடக்க வேண்டும். முன்னோருக்குப் படைப்பு போடுகிற நாளில் பங்காளிகள் வந்தாக வேண்டும். அந்த இரண்டு நாளுக்காகக் கதவு திறக்கும், வளவு கழுவப்படும், எரியாத விளக்கு மாற்றப்படும். சட்டம் எதுவும் இந்தத் தெருக்களைக் காக்காத காலத்தில் படைப்புதான் காத்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இராயவரத்தில் ஓர் ஆச்சி என்னிடம் சொன்னதையும் மறக்க முடியவில்லை. ஓடு மாற்றுவதற்கு மதிப்புப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். “தம்பி, பங்கு கேக்க நாப்பது பேரு இருக்காக. ஓடு மாத்த நான் ஒருத்திதேன்” என்றார். விற்க முடியாமல் செய்கிற அதே பங்கு, செலவு செய்ய முடியாமலும் செய்துவிடுகிறது. ஒரு ஓடு உடைந்தால் கைமரம் நனையும், கைமரம் இற்றால் உத்தரம் இறங்கும், உத்தரம் இறங்கினால் சுவரின் தலை பிளக்கும். பத்து மழை போதும். பிறகு ஒருநாள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். லாரி வரும். கதவு, நிலை, தூண், உத்தரம் என்று எண் போட்டுப் பிரிப்பார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும், அங்கிருந்து பெருநகர பங்களாக்களுக்கு. தேக்கு விலை போகும்; சுவருக்கு விலை கிடையாது. பொக்லைன் அதைத் தள்ளிவிடும். தெருவில் ஒரு வீடு போனால் பக்கத்து வீட்டின் பக்கச் சுவர் முதல்முறையாக மழையில் நனைகிறது. வரிசை வரிசையாகக் கட்டியவை என்பதால் ஒன்றுக்கு ஒன்று துணை.

மீட்பு முயற்சிகள் நடக்காமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ல் தொடங்கிய தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். இராமச்சந்திரபுரத்தில் சிதம்பர விலாஸ் தங்கும் விடுதியாக வாழ்கிறது; காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கமும் சில வீடுகள் அப்படி. அந்த வேலைகளால் சுண்ணாம்பு தெரிந்த கைகளுக்குக் கூலி கிடைத்தது, இளவட்டங்கள் சிலர் தொழிலைக் கற்றார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவன். 2014ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதில் எனக்குப் பிடித்தது, தனி மாளிகையைச் சொல்லாமல் ஊர்களைத் தொகுதியாகச் சொன்னது. பினாங்கின் ஜார்ஜ் டவுனை நினைத்துப் பாருங்கள். செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்திய பினாங்குத் தெரு அந்த நகரத்தில்தான் இருக்கிறது. 2008ல் மலாக்காவோடு சேர்ந்து அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. தெரு, கடை, கோயில், பள்ளிவாசல் எல்லாம் ஒரே எல்லைக்குள், இந்த எல்லைக்குள் எதை இடிக்கலாம் எதைத் தொடக்கூடாது என்ற விதியோடு. அவர்கள் கடை வைத்த ஊருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. அவர்கள் வீடு கட்டிய ஊர்கள் இன்னமும் காத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே நிறைவேறியது. அதன் கீழ் ஒரு ஊரைச் சேர்க்கிறவர்கள் வீட்டுப் பட்டியலோடு நிறுத்திவிடக் கூடாது. தெரு மட்டம், வாய்க்கால், ஊருணி வரத்து மூன்றையும் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். புதிதாகச் சாலை போடுகிற ஒப்பந்தக்காரர் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், அந்த ஒரு வரியே நூறு சுவரைக் காக்கும்.

பங்காளிகளுக்கு நான் சொல்வது வேறு. படைப்புக்கு வரும்போது எல்லாரும் ஒன்றாக இருக்கிறீர்கள். கூரை நிதியாகப் புள்ளிக்கு இவ்வளவு என்று அன்றைக்கே பிரித்துவிடுங்கள். புள்ளிவரி கட்டிப் பழகிய சமூகத்துக்கு இது புதிது அல்ல. காசு குறைவாக இருந்தால் முகப்புக்கு வர்ணம் அடிக்காதீர்கள், சிப்பாய் பொம்மையின் உடைந்த கையை ஒட்டாதீர்கள். ஆடிக்குள் ஓட்டை மாற்றி, பீலியைச் சரிசெய்து, தூம்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அது தெரு வாய்க்காலுக்கு வந்து சேருகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். வரவில்லை என்றால் கூப்பிடுங்கள். கடுக்காய் ஊறவைக்க மூன்று நாள் ஆகும், அதற்குள் வந்துவிடுவோம்.